சில நேரம் திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை





நம் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் மைலேஜ், டயர், ஏசி ஆகிய மூன்றும் எப்போதும் முன்வரிசைக்காரர்கள். கொஞ்ச காலமாக அவற்றின் பக்கத்தில் நாலாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்: ரிமோட் சாவி. ‘பட்டனை அழுத்தினால் சில நேரம் கதவு திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டால் சாவியையே மாற்றணும் என்கிறார்கள். மாற்றலாமா?’ ஊர் மாறும், காரின் பெயர் மாறும், கேள்வி மட்டும் மாறுவதில்லை.

இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதினால் அது அரைகுறையாகத்தான் இருக்கும். அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை முழுதாக அந்தக் குட்டிச் சாவிக்கே கொடுத்துவிடுகிறேன்.

முற்றிலும் வேலை செய்யாத ரிமோட்டைச் சரிசெய்வது பெரிய காரியமில்லை. எங்கே அறுந்திருக்கிறது என்று தேடினால் கிடைத்துவிடும். வந்து வந்து போகிற கோளாறுதான் ஆளைச் சோதிக்கும். வீட்டு வாசலில் மக்கர் செய்த சாவி, மெக்கானிக் கையில் கொடுத்ததும் சமர்த்தாக வேலை செய்யும். அவரும் பாவம், எதைப் பார்த்துச் சொல்வார்? சாவியை மாற்றிவிட்டால் பிரச்னை முடிந்தது என்று நினைக்கிறார். சில ஆயிரம் ரூபாய் செலவழித்துப் புதுச் சாவி வாங்கிய பிறகும் அதே கதை தொடர்ந்தால் நமக்கு வருவது கோபம். ஆனால் இந்த ‘சில நேரம்’ என்பது உண்மையில் நமக்குக் கிடைத்திருக்கும் துப்பு. எந்த நேரம், எந்த இடம், எந்தக் கதவு, எந்தச் சாவி என்று கவனித்துக் குறித்துக்கொண்டால், பாதி வேலை முடிந்தது. பர்ஸைத் திறப்பது அதற்கப்புறம்தான்.

பட்டனை அழுத்தும்போது என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். பட்டனுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. அது அழுந்தியதும் சாவிக்குள் தூங்கிக்கொண்டிருந்த சிப் விழித்துக்கொண்டு ஒரு செய்தியைத் தயாரிக்கிறது, அதை ரேடியோ அலையாக அனுப்புகிறது. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் பெரும்பாலான கார்களுக்கு இந்த அலைவரிசை 433.92 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் பெரும்பாலும் 315. காருக்குள் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து, வந்திருப்பது நம் வீட்டுச் சாவிதானா என்று சரிபார்த்து, கதவுகளில் இருக்கும் மோட்டார்களுக்கு உத்தரவு போடுகிறது. ஆக, செல், சுவிட்ச், சிப், நடுவில் இருக்கும் வெட்டவெளி, ரிசீவர், கார் பேட்டரி, கதவு மோட்டார் என்று ஏழு இடங்கள். எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் நமக்குத் தெரிவது ‘கதவு திறக்கவில்லை’ என்ற ஒன்றுதான். ஏழில் நம் கையில் இருப்பது சாவி மட்டும் என்பதால் பழி அதன் தலையில் விழுகிறது.

இந்த வசதி வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1982-இல் ரெனோ நிறுவனம் தன் ஃபுவேகோ காரில் இதைக் கொண்டுவந்தது. பிரான்ஸைச் சேர்ந்த பால் லிப்ஷுட்ஸ் கண்டுபிடித்தது. அப்போது ரேடியோ அலை இல்லை, நம் டிவி ரிமோட்டில் இருக்கிறதே, அதே அகச்சிவப்புக் கதிர். காரை நோக்கி நேராக நீட்டி அழுத்த வேண்டும். பிறகு ரேடியோ அலைக்கு மாறியதால்தான் பையிலிருந்தபடியே, சுவருக்குப் பின்னாலிருந்தபடியே அழுத்த முடிகிறது. வசதி கூடியது, கூடவே தொந்தரவுக்கு வழிகளும் கூடின.

சரி, சோதனைக்கு வருவோம்.

முதல் கேள்வி: இரண்டாவது சாவி எங்கே? கார் வாங்கும்போது இரண்டு கொடுத்திருப்பார்கள். ஒன்று தினமும் பையில் தேய்ந்துகொண்டிருக்கும், மற்றொன்று பீரோவில் தூங்கும். தூங்குவதை எழுப்புங்கள். அது ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு முதல் சாவியில். இரண்டுமே ஒரே மாதிரி தகராறு செய்தால் காரையோ சுற்றுப்புறத்தையோ சந்தேகப்படுங்கள். பைசா செலவில்லாத இந்த ஒரு சோதனையிலேயே ஏழு இடங்கள் பாதியாகச் சுருங்கிவிடும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பீரோவில் கிடந்தாலும் செல் மெல்ல வயதாகும். குறிப்பாகப் பட்டன் ஸ்டார்ட் கார்களோடு வரும் ஸ்மார்ட் கீயில், காரின் அழைப்புக்காகச் சாவி எந்நேரமும் காது கொடுத்துக்கொண்டே இருப்பதால், தொடாமல் வைத்திருந்தாலும் செல் கரையும். அதனால் இந்தச் சோதனைக்கு முன் இரண்டாவது சாவிக்குப் புது செல் போட்டுக்கொள்வது நல்லது.

இரண்டாவது கேள்வி: தூரம் குறைந்துகொண்டே வந்ததா? முன்பெல்லாம் மாடியிலிருந்து அழுத்தினாலே இண்டிகேட்டர் கண்சிமிட்டும், இப்போது கார் பக்கத்தில் போய் நின்றால்தான் என்றால், அது செல் ஓய்ந்துவருவதன் அறிகுறி. பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர் 2032 செல். இந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். 2025 என்றால் கனம் 2.5, 2016 என்றால் 1.6. மூன்றும் 3 வோல்ட்தான், அதனால் ‘இதுவும் அதுவும் ஒண்ணுதான் சார்’ என்று கடையில் மாற்றிக் கொடுப்பார்கள். கனம் குறைந்த செல்லைப் போட்டால் உள்ளே ஆடும், காரில் குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். புதிய ‘சில நேரம்’ ஒன்றை நாமே விலை கொடுத்து வாங்கியதாகிவிடும். இடைவெளிக்குப் பேப்பர் மடித்து வைப்பது தீர்வில்லை. பழைய செல்லில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். எல்ஐஆர் 2032 என்று சார்ஜ் ஏற்றக்கூடிய ஒன்றும் கிடைக்கிறது. முழு சார்ஜில் அது 4.2 வோல்ட் வரை போகும். சாவிக்கு அது ஆகாது.

மல்டிமீட்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு விஷயம். புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். பழைய செல்லும் சில சமயம் 3-ஐ ஒட்டியே காட்டி நம்மை ஏமாற்றும். லித்தியம் செல்லின் குணம் அப்படி: கடைசி வரை வோல்டேஜைத் தாங்கிப் பிடித்துவிட்டுப் பிறகு சட்டென்று விழும். வயதாக ஆக அதன் உள்மின்தடை ஏறுவதால், சும்மா இருக்கும்போது 3 வோல்ட் காட்டும் செல், அலையை அனுப்ப மின்சாரம் இழுத்த மாத்திரத்தில் துவண்டுவிடும். குளிர் இந்தத் தடையை இன்னும் கூட்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் காலையில் மறுக்கும் சாவி, வெயில் ஏறியதும் திறந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். மீட்டர் என்ன சொன்னாலும் செல்லை மாற்றுங்கள்.

மாற்றும் விதத்திலும் கவனம் வேண்டும். சாவியின் மூடியைக் கத்தியால் நெம்பாதீர்கள். அதற்கென்று விட்டிருக்கும் பள்ளத்தில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினாலோ, துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லத் திறந்தாலோ போதும். ப்ளஸ் எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது செல்லைப் பக்கவாட்டில் பிடித்துப் போடுங்கள், இரண்டு முகத்திலும் விரல் பிசுக்கு ஒட்ட வேண்டாம். சில செல்களின் மேல் ஒரு மெல்லிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதை உரிக்காமலே போட்டுவிட்டு ‘புது செல்லும் வேலை செய்யலை’ என்பவர்கள் உண்டு.

கழற்றிய செல்லை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். இந்த ஒரு வரியைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் லித்தியம் செல்லைச் சின்னக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்டதும் அதன் மின்சாரம் அங்கே காரத்தை உண்டாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும். செல் ஓய்ந்துபோயிருந்தாலும் ஆபத்து உண்டு. விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், வெளியே வரட்டும் என்று காத்திராமல், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். பழைய செல்லின் இரு முகத்திலும் செல்லோ டேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவது கேள்வி: பட்டனை எப்படி அழுத்துகிறீர்கள்? ‘ஓரமாக அழுத்தினால் வேலை செய்யும்’, ‘அமுக்கிப் பிடித்தால் வேலை செய்யும்’ என்று எழுதும் வாசகர்கள், தெரிந்தோ தெரியாமலோ பதிலையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். ஓரத்தில் அழுத்தினால்தான் என்றால் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கிறது. முழுச் சாவியையும் இறுக்கிப் பிடித்தால்தான் என்றால், செல்லைத் தாங்கும் தகடு தளர்ந்திருக்கிறது. அன்லாக் பட்டன் மட்டும் தகராறு, லாக் பட்டன் ஒழுங்கு என்றாலும் சுவிட்ச்தான். செல் ஓய்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா படுத்திருக்கும்?

வியர்வையும் உப்புக்காற்றும் நம் ஊர்ச் சாவிகளுக்கு நிரந்தர எதிரிகள். கடற்கரை ஊர்களில் தகட்டில் பச்சை பூத்திருப்பதைப் பார்க்கலாம். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் செல்லைப் போடுங்கள். சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குப் போன சாவி என்றால் முதலில் செல்லைக் கழற்றுங்கள். தண்ணீரைவிட, தண்ணீர் இருக்கும்போது ஓடும் மின்சாரம்தான் சர்க்யூட்டை அரிக்கும். அரிசி டப்பாவில் புதைப்பதால் தூசும் மாவும் உள்ளே போவதுதான் மிச்சம். ஃபேன் காற்றில் உலர விட்டால் போதும்.

சுவிட்ச்தான் கோளாறு என்று தெரிந்தால் நல்ல செல்போன் ரிப்பேர் கடைக்குப் போங்கள். அந்தக் குட்டி சுவிட்சை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதே அளவு சுவிட்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். மேல் ரப்பர் கிழிந்திருந்தால் சாவிக் கூடு மட்டும் தனியாக விற்கிறார்கள், பழைய போர்டை எடுத்து அதில் பொருத்திக்கொள்ளலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல சாவிகளில் இம்மொபிலைசர் சிப் என்கிற குட்டித் துண்டு போர்டில் இல்லாமல், பழைய கூட்டின் ஓரத்தில் தனியே செருகியிருக்கும். அதை எடுத்து மாற்றாமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டால், ரிமோட் அழகாகக் கதவைத் திறக்கும், இன்ஜின் மட்டும் ஸ்டார்ட் ஆகாது. அந்தச் சிப்பைத் தேடி எடுத்துவிட்டீர்களா என்று பார்த்த பிறகே பழைய கூட்டை எறியுங்கள்.

நான்காவது கேள்வி: எங்கே நின்றால் தகராறு? வீட்டில் ஒழுங்கு, ஆபீஸ் பார்க்கிங்கில் மட்டும் மறுக்கிறது என்றால் சாவி நிரபராதி. அங்கே ஏதோ ஒன்று அதே அலைவரிசையில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறது. 433 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி வயர்லெஸ் காலிங் பெல், ரிமோட் கேட், டயர் காற்றழுத்த சென்சார் என்று பலரும் குடியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கண நேரம் பேசிவிட்டு ஓய்ந்துவிடுவதால்தான் பொதுவாகச் சண்டை வருவதில்லை. ஏதாவது ஒன்று பழுதாகி ஓயாமல் கத்த ஆரம்பித்தால், சுற்றியுள்ள சாவிகளின் நிலை கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர் அடியில் நின்று ரகசியம் பேசுகிறவரின் நிலைதான்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், கிளீவ்லேண்டுக்குப் பக்கத்தில் நார்த் ஓம்ஸ்டெட் என்று ஒரு சிறு நகரம். 2019-இல் அங்கே ஒரு பகுதியில் மட்டும் கார் ரிமோட்டுகளும் காரேஜ் கதவு ரிமோட்டுகளும் வாரக்கணக்கில் வேலை செய்யாமல் போயின. புதுசு புதுசாகச் செல் மாற்றினார்கள், ஆள் வைத்துக் கதவைப் பார்த்தார்கள், பலனில்லை. கடைசியில் கருவி வைத்து அலையின் மூலத்தைத் தேடிப் போனபோது அது ஒரு வீட்டில் போய் நின்றது. எலெக்ட்ரானிக்ஸில் ஆர்வமுள்ள ஒருவர், வீட்டு மாடியில் ஆள் இருந்தால் தனக்குத் தெரியும்படி ஒரு கருவியைத் தானே செய்து வைத்திருந்தார். பேட்டரியில் ஓடிய அந்தக் கருவி 315 மெகாஹெர்ட்ஸில் ஓயாமல் அலையை விட்டுக்கொண்டிருந்தது. தன்னால்தான் ஊரே திண்டாடுகிறது என்பது அவருக்கே தெரியாது. பேட்டரியைக் கழற்றியதும் எல்லாக் கதவும் திறந்தன. புதுச் சாவி வாங்கியிருந்தால் அந்தத் தெருவில் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இருந்திருக்காது.

அத்தனை தூரம் போக வேண்டியதில்லை, சத்தம் போடுவது நம் காருக்குள்ளேயே இருக்கலாம். மலிவான யுஎஸ்பி சார்ஜர், எந்நேரமும் ஓடும் டேஷ்கேம், பிறகு பொருத்திய எல்ஈடி விளக்கு ஆகியவை ரிசீவர் பக்கத்தில் இரைச்சலைக் கிளப்பும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டிய பிறகு தூரம் குறைந்திருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள். சிக்கலான இடத்தில் மாட்டிக்கொண்டால் சாவியை இடுப்புக்கு அருகில் வைத்து அழுத்தாமல் தலை உயரத்துக்குத் தூக்கியோ, தாடையில் ஒட்டி வைத்தோ அழுத்துங்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் தண்ணீர் நிறைந்த நம் தலை அந்த அலையோடு சேர்ந்து சற்று தூரம் எட்ட உதவுகிறது. விளையாட்டுப் பேச்சில்லை, இயற்பியல்.

ஐந்தாவது கேள்வி: எப்போதிலிருந்து? குழந்தை ஒரு மாலை முழுக்கச் சாவியை வைத்து விளையாடியதிலிருந்தா, செல் மாற்றியதிலிருந்தா? அப்படியானால் சாவிக்கும் காருக்கும் கணக்கு தப்பியிருக்கலாம். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சாவி ஒரு புதிய குறியீட்டை அனுப்புகிறது. ஒருமுறை பயன்பட்டது மறுபடி செல்லாது. இல்லாவிட்டால் அலையைப் பதிவு செய்துவைத்துத் திருடன் கதவைத் திறந்துவிடுவான். இதற்காக உலகம் முழுக்கப் பரவிய முறைகளில் ஒன்று கீலாக். 1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவான இதை 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் வாங்கியது. சாவியிலும் காரிலும் ஓர் எண்ணிக்கை ஓடும். கார் காதுக்கு எட்டாத இடத்தில் சாவியை அழுத்திக்கொண்டிருந்தால் சாவியின் எண் முன்னே போய்விடும். கீலாக் முறையில் 16 எண் வரை முன்னே போயிருந்தால் கார் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். அதைத் தாண்டியிருந்தால், அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்தச் சொல்லி, இரண்டும் வரிசையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்கும். முதல் அழுத்தில் திறக்காமல் இரண்டாவதில் திறப்பதற்கு இது ஒரு காரணம். மற்ற முறைகளில் இந்த எல்லை வேறாக இருக்கும். சில கார்களில் சாவியை இக்னிஷனில் போட்டு ஆன் செய்து, லாக் பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இதற்கு உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். ஒரு காரின் மந்திரம் மற்றொன்றுக்குப் பலிக்காது.

ஆறாவது கேள்வி: எந்தக் கதவு? மூன்று கதவு பூட்டி ஒன்று மட்டும் அடம் பிடித்தால் ரிமோட்டைத் தொடவே தொடாதீர்கள். அது அந்தக் கதவின் சென்ட்ரல் லாக் மோட்டார், அல்லது கதவுக்கும் தூணுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் வயர். தினமும் திறந்து மூடி வளைந்து வளைந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளித்தோல் மட்டும் முழுசாக இருக்கும். கதவைப் பாதி திறந்து வைத்தால் வேலை செய்து, மூடினால் மறுக்கிறது என்றால் சந்தேகமே இல்லை, வயர்தான். பூட்டிய அடுத்த நொடியே தானாகத் திறந்துகொண்டால், ஏதோ ஒரு கதவோ டிக்கியோ சரியாக மூடவில்லை என்று கார் நினைக்கிறது. கதவு சுவிட்சைப் பாருங்கள். வெளியே கடையில் சென்ட்ரல் லாக் போட்ட கார் என்றால், கம்பெனி சர்வீஸ் சென்டரை விட்டுவிட்டு, பொருத்திய எலெக்ட்ரீஷியனிடம் போவதுதான் சரி.

இரண்டு சாவியும் சேர்ந்து மறுத்தால் பானெட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் முழு சார்ஜ் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2-க்கு வந்துவிட்டால் பாதி காலி. நிறுத்திவைத்த கார் காலையில் மட்டும் மறுத்து, ஓட்டிய பிறகு நாள் முழுக்க ஒழுங்காக இருந்தால் இங்கேதான் குறை. ஃப்யூஸையும் ஒரு பார்வை பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் கதையே வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் முங்கிய கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு, விளக்கு, பூட்டு எல்லாவற்றையும் ஆளும் கன்ட்ரோல் யூனிட் பல கார்களில் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிறது. அது நனைந்திருந்தால் ரிமோட் சோதனையெல்லாம் வீண். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்து பார்க்காமல், வண்டியை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

பட்டன் ஸ்டார்ட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சில வார்த்தை. கைப்பிடியைத் தொட்டால் கார் முதலில் 125 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அலையில் சாவியைக் கூப்பிடும். அந்தக் குரல் காரைச் சுற்றி ஓரிரு மீட்டருக்குள்தான் கேட்கும். கேட்ட சாவி வேறு அலைவரிசையில் பதில் சொல்லும். செல்போனோடு ஒட்டி ஒரே பையில் சாவி இருந்தால் கூப்பிடுவது காதில் விழாமல் போகலாம். வேறு பைக்கு மாற்றிப் பாருங்கள். சாவியில் உள்ள பட்டனுக்குத் திறந்து, கைப்பிடியைத் தொட்டால் மட்டும் திறக்காவிட்டால் கைப்பிடி சென்சாரைப் பாருங்கள். சாவியின் செல் அடியோடு ஓய்ந்தாலும் கலங்க வேண்டாம். சாவிக்குள் ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும், கதவுக் கைப்பிடி மூடிக்குள் துவாரமும் பெரும்பாலும் இருக்கும். உள்ளே ஏறி, கையேடு காட்டும் இடத்தில், பல கார்களில் ஸ்டார்ட் பட்டன் மேலேயே, சாவியை ஒட்டி வைத்து அழுத்தினால் இன்ஜின் ஓடும். இம்மொபிலைசர் சிப்புக்குச் செல் தேவையில்லை, கார் அனுப்பும் அலையிலிருந்தே அது தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொள்ளும். அந்த உலோகச் சாவியை எப்படி எடுப்பது என்பதை வீட்டில் கார் ஓட்டும் எல்லோருக்கும் இன்றே காட்டிக்கொடுங்கள். உள்ளே குழந்தை, வெளியே வெயில், மறுக்கும் ரிமோட் என்று நிற்கும்போது கையேட்டைப் புரட்ட நேரம் இருக்காது.

இத்தனையும் பார்த்த பிறகும் தீராவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போகத்தான் வேண்டும். அப்போது ‘ரிமோட் சரியில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘புது செல் போட்டாயிற்று, இரண்டு சாவியிலும் இதே கோளாறு, இடம் மாறினாலும் மாறவில்லை, காலையில் மட்டும் மறுக்கிறது’ என்று குறிப்போடு போங்கள். அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வேலை தெரிந்த டெக்னீஷியனுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. சாவியை மாற்றித்தான் தீர வேண்டுமென்றால், புதுச் சாவியைப் பதிவு செய்யும்போதே, தொலைந்த சாவி ஏதாவது இருந்தால் அதைக் காரின் நினைவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களும் இதைக் கேட்கலாம். பழைய சாவியைத் தூக்கி எறியாதீர்கள். கார் திருடுபோய் க்ளெய்ம் கேட்கும்போது இன்ஷூரன்ஸ் நிறுவனம் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். சாவி மாற்றும் செலவுக்கென்றே தனி ஆட்-ஆன் கவர் இருக்கிறது. பாலிசியைப் புதுப்பிக்கும்போது கட்டணத்தையும் நிபந்தனையையும் பார்த்து முடிவெடுங்கள்.

ஒரு பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்காதீர்கள். இண்டிகேட்டர் கண்சிமிட்டியதா என்று பாருங்கள், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் கடை வளாகங்களின் பார்க்கிங்கில், லாக் அலை காரை எட்டாதபடி அதே அலைவரிசையில் இரைச்சலை விட்டு, பூட்டாத காரிலிருந்து பொருளை அள்ளும் திருடர்கள் பற்றி அங்குள்ள காவல்துறை மக்களைத் திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. சாவி சரியாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லது, தகராறு செய்யும் சாவி என்றால் கட்டாயம் வேண்டும்.

இனி கடிதம் எழுதும்போது காரின் மாடல், வருஷம், இரண்டாவது சாவியின் நிலை, மறுக்கும் இடம், மறுக்கும் நேரம், எந்தக் கதவு என்று ஆறு விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதிப் பார்க்கும்போதே உங்களில் பலருக்கு விடை கிடைத்துவிடும், தபால் செலவும் மிச்சம். கிடைத்துவிட்டால், என்ன கோளாறு, எப்படிப் பிடித்தீர்கள் என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அடுத்த இதழ் கேள்வி-பதில் பகுதியில் அவற்றுக்குத்தான் முதலிடம்.

அன்புடன்,
ஆசிரியர்